சடையங்குப்பத்துச் சோயா

எத்திராஜின் சோயாவைப் புழு தின்றுகொண்டிருந்தது. பச்சைப் புழு, விரல் நீளம். அது இலையைக் கடிக்கிற சத்தம் மணலி வரைக்கும் கேட்டதாக அவர் சொன்னார். எத்திராஜ் பொய் சொல்கிறவர் அல்ல. அளவு மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். சடையங்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் கிடந்தது. மாமனார் தன் இரண்டு பெண்களுக்கும் பொதுவில் விட்டுப்போனது. அதில் சோயா விதைத்தார். மழை முடிந்ததும் செடி முழங்கால் உயரம் எழும்பி, மஞ்சளாகப் பூத்து, காயும் பிடித்துவிட்டது.

சகலை சுப்பராயனுக்குத்தான் பொறுக்கவில்லை. அவர் புழலில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர்.

"சகல, அது கன்டெய்னர் லாரி நிக்க வேண்டிய எடம். ஞாயித்துக்கெயம வந்து பாக்குறேன். பயிரு நின்னுகினு இருந்தா நெலத்த நீயே வச்சிக்க, நான் வாயத் தொறக்க மாட்டேன். புழு துன்னுட்டா லாரி நிக்கும். இன்னா சொல்ற?"

"வா, வந்து பாரு," என்று சொல்லிவிட்டார் எத்திராஜ்.

கைப்பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிக்கப் போனதில் முதுகு பிடித்துக்கொண்டது. புழுக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே ஞாயிறு காலையில், வாடகைக்கு ட்ரோன் விடுகிற தீபனை ராயபுரத்திலிருந்து வரவழைத்தார்.

"சோயாவுக்கு அடிச்சிருக்கியா தம்பி?"

"அம்மனுக்கு அடிச்சிருக்கேன் நைனா. தேரு மேல பூ, பன்னீரு. ஒரு சொட்டு வெளிய போவாது."

"புழு சாவுமா?"

"அம்மன் மேல ஏது நைனா புழு?"

பதில் சரியாகத்தான் இருந்தது. ட்ரோன் எழும்பியது. முந்தின நாள் திருவிழாவின் பன்னீர் டேங்கில் பாதி மிச்சம் இருந்ததைத் தீபன் மறந்துவிட்டான். வயல் முழுக்கக் கல்யாண மண்டப வாசனை. புழுக்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன. பந்தியில் பன்னீர் தெளிக்கிற மரியாதை புரிந்து, இன்னும் நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தன.

டேங்கைக் கழுவி வேப்பெண்ணெய்க் கரைசலை ஊற்றினார்கள். தீபன் தேருக்கு விடுகிற உயரத்திலேயே விட்டான்.

"இன்னாபா, மேகத்துக்கா மருந்தடிக்கிற? காலம் பூரா கீயே நிக்கிறவன் கையப் பாத்தே கிரேன் ஓட்டுனவன் நானு. இப்ப நான் கீயே நிக்கிறேன், நீ என் கையப் பாரு. வெரல கீயே காட்டி சுத்துனா எறக்கு. மேல காட்டி சுத்துனா தூக்கு. அவ்ளோதான்."

விரலைக் கீழே காட்டிச் சுற்றினார். ட்ரோன் இறங்கியது. இன்னும் சுற்றினார். இன்னும் இறங்கியது. இறக்கைக் காற்றில் சோயா மொத்தமும் சாஷ்டாங்கமாக விழுந்தது. அந்தச் சமயம் பார்த்துக் கடல்காற்று திரும்பி, வேப்பெண்ணெயைக் கொண்டுபோய் அடுத்த வீட்டு யசோதராவின் துணிக்கொடியில் சேர்த்தது.

"யோவ் எத்திராஜு! எங்க சித்தி பொண்ணு கல்யாணத்துக்குக் கட்ட வச்சிருந்த பொடவ! கலீஜு பண்ணிட்டியே!"

மருந்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, ட்ரோனைக் கொடிப்பக்கம் விட்டால் காற்றிலேயே புடவை காய்ந்துவிடும் என்றார் எத்திராஜ். தீபன் விட்டான். காய்ந்துகொண்டும் இருந்தது.

"இந்த எண்ண வாசன எப்பிடிப் போவும்? இத யாருய்யா செஞ்சது?"

"நான் இன்னாமா பண்ணேன்? தோ, மேல சுத்துது பாரு, அதுதான்!" என்று எத்திராஜ் விரலை மேலே காட்டிச் சுற்றினார்.

தீபன் தூக்கினான்.

ட்ரோனின் கால் புடவையில் மாட்டியிருந்தது. செக்கச்சிவந்த பட்டு, முந்தானை பறக்க, வானத்தில் ஏறியது.

"எறக்குடா!"

"தூக்குனு நீதான நைனா காட்டுன!"

அப்படியொரு சிவப்புப் பறவையைக் காக்கைகள் அதற்குமுன் கண்டதில்லை. எண்ணூரிலிருந்து எத்தனை வந்தன என்று யாரும் எண்ணவில்லை. கொஞ்ச நேரம் வெயில் இல்லை, அவ்வளவுதான். எல்லாம் சேர்ந்து புடவையைத் துரத்தின. பயந்துபோன தீபன் ட்ரோனை வயலுக்கு நடுவே இறக்கினான். காக்கைகளும் இறங்கின. இறங்கிய இடத்தில் புழுவைப் பார்த்தன. புடவையை மறந்தன.

சுப்பராயன் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தபோது கடைசிக் காக்கை ஏப்பம் விட்டுக்கொண்டு கிளம்பியது. விழுந்த செடிகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்துகொண்டிருந்தன. தேடினாலும் ஒரு புழு இல்லை.

சுப்பராயன் ஒரு காயைப் பறித்தார், கசக்கினார், முகர்ந்தார்.

"ஒசந்த சாதி சோயா சகல. பன்னீரு வாசன அடிக்கிது பாரு! நெலம் உன்னுது. இதும்மேல லாரினு பேசுனா என்ன ஏன்னு கேளு." அத்தோடு போய்விட்டார்.

யசோதராவின் சித்தி பெண் கல்யாணத்துக்கு ஓசியில் பூ தூவுவதாகத் தீபன் வாக்குக் கொடுத்தான். கிழியாமல் திரும்பிய புடவையை வாங்கிக்கொண்டு அவளும் முறைப்பைக் குறைத்தாள்.

மத்தியானம் எத்திராஜ் வயலோரம் நாற்காலி போட்டுத் துறைமுகத்துத் தோஸ்துகளுக்குப் போன் போட்டு, காக்கைகளுக்குத் தானே கை காட்டி இறக்கியதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே அவர் மனைவி பச்சையம்மா தீபனுக்கு மீன்குழம்பு ஊற்றினாள்.

"யம்மா, சோயா அறுத்தா எனக்கு ஒரு படி எடுத்து வைம்மா," என்றான் தீபன்.

பச்சையம்மா பின்வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"கத்தாத தம்பி, அவுரு காதுல வுழப்போவுது. அது சோயாவே இல்ல, மழைக்குத் தானா மொளச்ச தகரச் செடி. குருமாவுக்கு வாங்கி வச்சிருந்த மீல்மேக்கர சோயா வெதன்னு தூக்கினு போயி தூவிட்டாரு மனுசன், அன்னிலேர்ந்து பகல்ல இந்த வூடு இன்னா நிம்மதியா கீது தெரியுமா!"