துண்டுக்குள் ஒரு மோட்டார்

"மச்சான், பிரேக்குக்குப் பத்துக்கு ரெண்டு மார்க்குதான் போட்டிருக்கான்" என்றான் சம்பத், சீமை மோட்டார் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"வேகத்துக்கு?"

"ஒம்பது."

"அப்போ ஓடும், நிக்காது. அவ்வளவுதானே?" என்றான் கங்காதரன்.

நிற்பதைப் பற்றி யோசிக்க அவனுக்கு அன்றைக்கு நேரமில்லை. பொழுது சாய்வதற்குள் கொரட்டூருக்குப் பெண் பார்க்கப் போயாக வேண்டும். "ரயிலில் வர்றீங்களா, மாட்டு வண்டியிலா?" என்று பெண்ணின் தகப்பனார் கேட்டனுப்பியதற்கு, "நம்ம மோட்டாரில்" என்று பதில் சொல்லியனுப்பியிருந்தான். தன்னிடம் மோட்டார் இல்லை என்பது ஆள் புறப்பட்டுப் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சீமைக்குத் திரும்பும் துரை ஒருவர் தம்முடைய இரண்டு சீட்டு ரேஸ் காரை விற்கிறார் என்று காலையில் சேதி கிடைத்தது. கார் சென்னீர்குப்பத்தில், துரையின் பங்களா கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் சிவப்பாக நின்றது. பணம் குறைந்தவர்களுக்கு ஏற்ற பந்தயக் கார் என்று பத்திரிகை அதைப் புகழ்ந்திருந்தது. ஆனால் பத்திரிகைக்காரன் வெள்ளைக்காரன். அவனுக்கு நம் ஊர்ச் சுழி, சுத்தம் தெரியாது. அதனால் மாட்டுத் தரகர் வேம்புலியையும் கங்காதரன் அழைத்து வந்திருந்தான்.

வேம்புலி காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். பின்பக்கம் ஒரு தட்டுத் தட்டினார். அது துள்ளவில்லை. குனிந்து முன்பக்கம் பார்த்தார்.

"கண்ணு ரெண்டும் பிதுங்கிகினு கீது. வாய் சின்னது, ஆனா தீனி ஜாஸ்தி துன்னும். அண்ணாத்தே சொல்றேன், சாதி சுத்தம். விடாதே நைனா."

"அப்போ விலை கேட்டுடலாமா?"

"ஐயோ! வாங்க வந்தோம்னு வாயால சொன்னா தீர்ந்துது. வழியோட போறவன் மாதிரி நில்லு. கொறை சொல்லு. அவனா வருவான்."

கார் அருகே அல்பாக்கா கோட்டு போட்ட ஒருவர், கார் இருப்பதே தெரியாதவர் போல ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். துரையின் ஏஜெண்டு என்பது கோட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

கங்காதரன் காற்றோடு பேசுவது போல, "சீட்டெல்லாம் கிழிஞ்சிருக்கும் போல" என்றான்.

"கிழிஞ்சுதான் இருக்கு" என்றார் கோட்டுக்காரர் உடனே. "ஸ்பிரிங்கையும் எலி தின்னிருக்கும்."

கங்காதரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பிரேக்குக்கு ரெண்டு மார்க்குதானாம்."

"ரெண்டா? அது தயவு பண்ணிப் போட்டது."

கங்காதரன் வேம்புலியின் காதருகே போனான். "இன்னா அண்ணாத்தே, அந்தாளே திட்டறாரு?"

"பெரிய கை நைனா. நாம சொல்றதுக்கு முன்னாடி அவனே சொல்லிட்டான்னா, நமக்கு இன்னா பேச்சு மிச்சம்? நீ மாத்திப் பேசு. புகழ்ந்து தள்ளு."

வெயில் புளியமரத்துக்கு மேற்கே நழுவிக்கொண்டிருந்தது. கொரட்டூரில் இந்நேரம் கேசரி கிளறியிருப்பார்கள். கங்காதரன் தொண்டையைக் கனைத்தான்.

"ஆனா ஒண்ணு. வேகத்துல இதை அடிச்சுக்க வண்டி கிடையாது. தங்கம்!"

கோட்டுக்காரரின் முகம் கடுகடுத்தது. "தங்கம்னா எதுக்கு ஐயா மரத்தடியில் நிக்குது?"

"அதை நீங்கதானே சொல்லணும்!"

"நானா? நல்லா இருக்கே நியாயம்!"

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டார்கள். சம்பத் சமாதானமாக, பார்வைக்கு ஏழு மார்க்கு என்று அறிவித்தான். யாரும் சமாதானமாகவில்லை.

"பேச்சு முத்திப்பூட்டா வேல கெட்டுடும்" என்று வேம்புலி தோள்துண்டை உருவி, இருவரின் வலக் கைகளையும் இழுத்து மூடினார். சந்தை வழக்கம் அதுதான். விரலுக்கு நூறு, துண்டுக்குள் பிடிக்கிற விரல்தான் பேசும், வாய் பேசாது. கோட்டுக்காரரும் சந்தைக்குப் பழகியவர் போலக் கையைக் கொடுத்தார்.

கங்காதரன் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தான். கோட்டுக்காரர் உதறிவிட்டு மூன்று விரலைப் பிடித்தார்.

கங்காதரனுக்குக் குப்பென்று வேர்த்தது. வேம்புலியின் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தான்: "அண்ணாத்தே, அஞ்சு தரேன்னா மூணு போதும்ங்கறாரு!"

வேம்புலி வெளிறிப்போய்க் காதோடு சொன்னார்: "கொறைக்கிறானா? என் சர்வீசுல பார்த்ததில்ல. வண்டியில பெருசா ஏதோ கீது. எறங்கு, நைனா, எறங்கு!"

கங்காதரன் இரண்டைப் பிடித்தான். கோட்டுக்காரருக்கும் நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒற்றை விரலைப் பிடித்தார்.

"இன்னும் போனா அவரு நமக்குத் துட்டு குடுக்கணும் மச்சான்" என்று சம்பத் முணுமுணுத்தான். "முடிச்சுடு!"

"முடிஞ்சுது!" என்று கங்காதரன் கத்தினான்.

"முடிஞ்சுது!" என்று கோட்டுக்காரரும் கத்தி, ஆனந்தத்தில் அவனைக் கட்டிக்கொண்டார். விற்றவர் இத்தனை சந்தோஷப்பட்டுக் கங்காதரன் பார்த்ததேயில்லை. பெண் பார்க்கிற நாளில் எல்லாமே சுபம் என்று தோன்றியது. கொரட்டூர்க்காரர்கள் வாசலில் வந்து நின்று வாய் பிளப்பதை மனசுக்குள் பார்த்தபடி, இடுப்புப் பையை அவிழ்த்தான். கோட்டுக்காரரும் கோட்டின் உள் பைக்குள் கையை விட்டார். சாவியை எடுக்கிறார் என்று கங்காதரன் இடது கையை நீட்டினான்.

பங்களா கேட்டு கிறீச்சிட்டது. துரையின் டிரைவர் சின்னப்பையன், ஒரு தார்ப்பாயும் கயிறுமாக வந்து காரைக் கட்ட ஆரம்பித்தான்.

"டேய், இன்னாடா பண்றே? பேசி முடிச்ச காரு!" என்றான் கங்காதரன்.

சின்னப்பையன் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தான்.

"வாங்க வந்தவங்க ரெண்டு பேருக்குள்ளியே பேசி முடிச்சுகினா எப்புடி சாமி? விக்கிற தொர காலையிலேர்ந்து உள்ளே குந்திகினு, வெலை கேக்கக்கூட ஒருத்தனும் வரலியேன்னு வெறுத்துப்போய், காரையும் கப்பல்ல ஏத்துன்னுட்டாரு!"