அணி நொந்தார்

தோற்றுப்போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினர் தோற்றதும் தலையைச் சொறிந்துகொண்டு, ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இன்னொரு வகையினர் பிறந்ததிலிருந்து ஒருமுறைகூடத் தோற்றதில்லை. அவர்களோடு சேர்ந்திருந்தவர்கள்தான் தோற்றார்கள். இவர்களுக்கு நான் ஒரு பெயர் வைத்திருக்கிறேன்: அணி நொந்தார்.

நீங்கள் இவரைப் பார்த்திருக்கிறீர்கள். அலுவலகத்தில் 'நான் ஒருத்தன் இழுக்கறேன், மிச்சப் பேரு ஏறி உக்காந்திருக்காங்க' என்பார். கல்யாணமான புதிதில் மனைவியிடம் 'எங்க வீட்ல என்னைத் தவிர யாருக்கும் விவரம் பத்தாது' என்பார். ஆனால் இவரை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால், ஐந்து பேர் ஓர் அணியாகச் சேர்ந்து இன்னோர் ஐந்து பேரோடு மோதுகிற அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டில்தான் பார்க்க வேண்டும். எனக்கு அந்தப் பாக்கியம் வீட்டிலேயே கிடைத்தது. என் தங்கையின் கணவர்தான் அவர். மாப்பிள்ளை என்பதால் ஒருமையில் எழுத எனக்கு உரிமையில்லை. மரியாதை குறையாமல்தான் கேலி செய்தாக வேண்டும். சிரமம்தான், ஆனால் பழகிவிட்டது.

மாப்பிள்ளைக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, முகத்துக்கு நேரே இயந்திரத்தை இழுத்துவிட்டு, 'இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா' என்று மாற்றி மாற்றிக் கேட்டு, கடைசியில் ஒரு நம்பர் சொல்வார். அதை யாரும் மறுத்ததில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவருக்கும் ஓர் இயந்திரம் நம்பர் சொல்கிறது. அதை மட்டும் அவர் ஒப்புக்கொள்வதில்லை.

அந்த விளையாட்டில் எல்லாருக்கும் ஒரு பதக்கம் உண்டு. அடியில் வெண்கலம், அதற்கு மேல் வெள்ளி, பிறகு தங்கம், அதற்கும் மேலே வைரம். ஜெயித்தால் புள்ளி ஏறும், தோற்றால் இறங்கும், சில மாதங்களுக்கு ஒருமுறை சீசன் முடிந்து போட்டி புதிதாகத் தொடங்கும். இது வெளியே தெரிகிற கணக்கு. உள்ளே இயந்திரம் தனக்கென்று ஒரு ரகசிய மதிப்பெண் வைத்திருக்கிறது. உங்களைவிடப் பெரிய கையை வீழ்த்தினால் அதை நன்றாக ஏற்றும், சின்னக் கையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டால் நன்றாக இறக்கும், அப்படிக் கூட்டிக் கழித்து உங்கள் தரம் இவ்வளவுதான் என்று முடிவு செய்து, அதே தரத்தில் இன்னும் ஒன்பது பேரைத் தேடிப் பிடித்து, இரண்டு பக்கமும் சம பலம் இருக்கும்படி பிரித்து உட்காரவைக்கும். அதாவது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரும் ஏறக்குறைய நீங்கள்தான். இந்த ஒரு விஷயத்தைத் தவிர விளையாட்டில் உள்ள மற்ற எல்லாமே மாப்பிள்ளைக்கு அத்துப்படி.

மூன்று வருஷமாக அவர் வெள்ளி.

'வெள்ளின்னு சொல்லாதீங்க மச்சான். வெள்ளியில இருக்கேன், அவ்வளவுதான். என் ஆட்டம் தங்கத்து ஆட்டம். டீம் சரியில்ல.'

நான் ஒருமுறை பொறுமையாகக் கணக்குச் சொல்லிப் பார்த்தேன். 'மாப்ள, ஆடத் தெரியாதவன் வந்து விழறதுக்கு உங்க பக்கம் நாலு இடம்தான் இருக்கு. எதிர்ப்பக்கம் அஞ்சு இடம் இருக்கு. நீங்க நல்லா ஆடறவரா இருந்தா, நாளாவட்டத்துல உங்க பக்கம்தானே சாயணும்?'

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். 'கணக்கு வேற மச்சான், களம் வேற.'

விளையாட்டு தொடங்குமுன் அவர் செய்கிற ஆயத்தங்களைப் பார்க்க வேண்டும். விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்குவார். மவுஸை ஈரத்துணியால் துடைப்பார். நாற்காலியின் உயரத்தைக் கூட்டிக் குறைத்து, கடைசியில் முதலில் இருந்த உயரத்துக்கே கொண்டுவருவார். வீட்டில் யாரும் போனில் வீடியோ பார்க்கக் கூடாது என்று அறிவிப்பார். கதவைச் சாத்துவார். ஆட்டம் முடிந்து கதவு திறக்கிற விதத்திலேயே முடிவு தெரிந்துவிடும். ஜெயித்திருந்தால், 'நாலு பேரையும் தோள்ல தூக்கிட்டுப் போய்ச் சேத்தேன்' என்பார். தோற்றிருந்தால் அதே நாலு பேர்தான் காரணம். அந்த நாலு பேருக்குத் தங்கள் சொந்தக் காலில் நடந்து ஜெயிக்க ஒருநாளாவது வாய்ப்புக் கிடைத்ததா என்றால், இல்லை.

தோற்ற ஆட்டங்களின் புள்ளிப் பலகையைப் போனில் படமெடுத்து வைத்திருக்கிறார். உறவினர் வீட்டு விசேஷங்களில் குழந்தையின் போட்டோவைக் காட்டுகிறவர்கள் நடுவே இவர் இதைக் காட்டுவார்.

'பாருங்க, இந்த வரிசையில நான்தான் அதிகம் அடிச்சிருக்கேன்.'

'ஆனா தோத்துட்டீங்களே மாப்ள?'

'அத விடுங்க.'

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. தொல்லை எங்கே வந்ததென்றால், அந்த வீட்டில் சாத்துகிற மாதிரி கதவுள்ள உபரி அறை ஒன்றே ஒன்றுதான். அதில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். என் தங்கைக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் வேலை. வாய் திறக்கத் தயங்குகிற, சொல் குழறுகிற சின்னக் குழந்தைகளுக்கு வீடியோ காலில் பேசக் கற்றுக்கொடுப்பாள். லேப்டாப்பைச் சர்க்கரை டப்பாவின் மேல் முட்டுக்கொடுத்து நிறுத்தி, சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் உட்கார்ந்து, 'கண்ணம்மா, உதட்டைக் குவிச்சு, மெதுவா, பூ...' என்று இவள் இங்கே சொல்லிக்கொண்டிருக்க, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, 'ஹீலர் எங்கடா' என்று ஒரு கர்ஜனை வரும். ஹீலர் என்றால் அந்த விளையாட்டில் அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஆள். அணியில் ஒருவராவது அந்த வேலையை எடுத்துக்கொண்டால்தான் மற்ற நாலு பேரும் உயிரோடு நிற்பார்கள். அதில் பெயரும் கிடையாது, புகழும் கிடையாது. ஆகவே மாப்பிள்ளை அதை எடுப்பதே இல்லை. மற்றவர்கள் ஏன் எடுப்பதில்லை என்று கேட்பதோடு சரி.

ஒருநாள் ஒரு குழந்தையின் அம்மா என் தங்கைக்குப் போன் செய்தார். நாலு வயதாகியும் ஒரு வாக்கியம் சேர்த்துப் பேசாத பெண்குழந்தை. அன்று காலையில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, அப்பாவைப் பார்த்து, ஓர் எழுத்துப் பிசகாமல், கணீரென்று ஒரு முழு வாக்கியம் பேசியிருக்கிறாள்.

'என்ன சொன்னா?' என்று என் தங்கை ஆசையோடு கேட்டிருக்கிறாள்.

'ஹீலர் எங்கடான்னு கேட்டா மேடம்.'

அந்த அம்மா நல்லவர், சிரித்துவிட்டார். அடுத்து விஷயம் தெரிந்த இரண்டு குழந்தைகளின் பெற்றோர் சிரிக்கவில்லை. வகுப்புக்கு வேறு இடம் இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாங்கள் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். எத்தனையோ வருஷம் படித்து, ஒவ்வொரு குழந்தையாகச் சேர்த்துக் கட்டிய வேலை, ஒரு சுவரின் மெலிவால் கைவிட்டுப் போகப் பார்த்தது. அவள் அழவில்லை, கத்தவில்லை. ஆட்டம் முடிந்து கதவு திறக்கும்வரை வாசலிலேயே நின்றாள்.

'எனக்கு இந்த ரூம் வேணும்.'

'இந்த சீசன் முடியட்டும். தங்கம் வந்துரும். வந்துட்டா நானே நிம்மதியா...'

'வரலைன்னா?'

மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். 'வரலைன்னா ரூம் உன்னோடது. வந்துட்டா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.'

இவள் சரியென்றாள். பயந்தது நான்தான். ஏனென்றால் மனிதர் அதற்கப்புறம் உண்மையாகவே உழைத்தார். முதலில், குற்றம் தன் அக்கவுன்ட்டில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். பழைய டீம்களின் பாவமெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். புதுப் பெயரில் புது அக்கவுன்ட் தொடங்கினார். புதிதாக வருகிறவர்களை இயந்திரம் சில ஆட்டங்கள் ஆடவிட்டு, எடைபோட்டு, ஓர் இடத்தில் கொண்டுபோய் வைக்கும். இவரையும் எடைபோட்டது. வெள்ளியில் வைத்தது. அதே படி, அதே இடம். அடையாளம் தெரியாமல் போனவரை இயந்திரம் கூப்பிட்டு உட்காரவைத்த நாற்காலி அவருடைய சொந்த நாற்காலியாகவே இருந்தது.

'இப்ப என்ன சொல்றீங்க மாப்ள?' என்றேன்.

'கம்பெனிக்காரன் என்னை ஞாபகம் வச்சிருக்கான் மச்சான்.'

என் தங்கை காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். 'உங்க கடைக்கு ஒருத்தர் வந்து, ரெண்டு மிஷின்லயும் ஒரே நம்பர் காட்டுது, ஆனா என் கண்ணு நல்லாத்தான் இருக்கு, மிஷின்தான் சரியில்லன்னு சொன்னா, என்ன செய்வீங்க?'

'அது வேற' என்றார் மாப்பிள்ளை.

பழைய அக்கவுன்ட்டுக்கே திரும்பி வந்து, விழுந்து எழுந்து, எப்படியோ வெள்ளியின் உச்சிப்படிக்கு ஏறிவிட்டார். சீசனின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் போயிருந்தபோது, இன்னும் ஓர் ஆட்டம் ஜெயித்தால் தங்கம். அன்று மூன்று மணியோடு சீசன் முடிகிறது, ஓர் ஆட்டத்துக்குத்தான் நேரம் இருந்தது. தங்கை சரியாகச் சாப்பிடவில்லை. திங்கட்கிழமை சாயங்கால வகுப்புக்கு எங்கே உட்காரப்போகிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மாப்பிள்ளை எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பீக்கரைப் போட்டார். 'இன்னைக்கு நீங்களே காதால கேளுங்க. எனக்கு எப்படிப்பட்ட டீம் வந்து மாட்டுதுன்னு உங்களுக்கும் தெரியட்டும்.'

டீம் வந்து மாட்டியது. முகம் தெரியாத நாலு குரல்கள். முதலில் ஒரு கட்டைக் குரல் தொண்டையைச் செருமியது.

'எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிடறேன். நான் உண்மையில தங்கம். டீம் சரியில்லாம இங்க மாட்டிக்கிட்டேன்.'

அடுத்து இருமிக்கொண்டே ஒருவர். 'நானும் தங்கம்தான் பாஸ். போன சீசன்லயே போயிருக்கணும். நாலு தத்திங்க வந்து சேந்துச்சுங்க.'

மூன்றாவது ஒரு பெண். 'நான் வைரத்துல இருக்க வேண்டியவ. இது என்னோட ரெண்டாவது அக்கவுன்ட்.'

நாலாவது குரல் மிகவும் சாது. 'எனக்கு யார் மேலயும் கோபமில்லைங்க. இன்னைக்காவது கொஞ்சம் ஆடத் தெரிஞ்சவங்களா வந்திருக்கீங்களான்னு மட்டும் சொல்லிடுங்க.'

மாப்பிள்ளை மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். 'பாத்தீங்களா மச்சான், எல்லாம் வெறும் பில்டப்பு.' பிறகு கையை எடுத்துவிட்டு மைக்கில் சொன்னார்: 'ஃப்ரெண்ட்ஸ், நான் சும்மா சொல்லல. நான் தங்கம்.'

என் தங்கை என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

யார் யார் எந்த வேலை என்று தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தது. ஒவ்வொருவரும் முன்னால் பாய்ந்து வெட்டுகிற வீரனாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரில்லாத வேலையை வேறு யாராவது எடுக்கட்டும் என்று காத்திருந்தார்கள். நேரம் ஓடியது. யாரும் எடுக்கவில்லை. ஆட்டம் தொடங்கிற்று. ஐந்து தங்கங்களும் ஐந்து வாள்களோடு ஐந்து திசையில் ஓடின. எதிர் அணியினர் ஒன்றாக நின்றிருந்தார்கள், நடுவே ஒருவர் பொறுப்பாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிய ஐந்து பேரும் வந்த வரிசையிலேயே விழுந்தார்கள். திரை மங்கியது. பிறகு ஸ்பீக்கரிலிருந்து நாலும் நாற்காலியிலிருந்து ஒன்றுமாக, ஐந்து வாய்களும் ஒரே நேரத்தில் கேட்டன:

'ஹீலர் எங்கடா?'

'அந்தக் குழந்தை கேட்டப்பவே யாராவது பதில் சொல்லியிருக்கலாம்' என்றாள் என் தங்கை.

மிச்ச ஆட்டத்தைச் சொல்லி உங்களை வருத்தப்போவதில்லை. முடிந்ததும் மாப்பிள்ளை நாற்காலியை எங்கள் பக்கம் சுழற்றினார். முகம் வாடியிருந்தது, எனக்கே பாவமாகத்தான் இருந்தது. 'நீங்களே சாட்சி மச்சான். டீம்...'

'என்னங்க' என்றாள் தங்கை, மிகவும் தணிந்த குரலில். 'அந்த நாலு பேரும் இந்நேரம் அவங்கவங்க வீட்ல, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட என்ன சொல்லிட்டு இருப்பாங்க?'

மாப்பிள்ளை திரையைப் பார்த்தார், அணைந்த திரையில் அவர் முகமே தெரிந்தது. மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவர் யோசிப்பதை நான் பார்த்தேன். விடை கிட்டே வந்துவிட்டது, இதோ சொல்லிவிடப் போகிறார் என்று நான் முன்னால் குனிந்தேன்.

'இதையேதான் சொல்லிட்டு இருப்பாங்க' என்றார். 'ஆனா அவங்க சொல்றது பொய்யி.'

இப்போது அறையில் என் தங்கை கதவைச் சாத்திக்கொண்டு வகுப்பெடுக்கிறாள். விலகப் பார்த்த இரண்டு குழந்தைகளும் அவளிடமே இருக்கிறார்கள். மாப்பிள்ளை சொன்ன சொல் தவறாமல், தன் கையாலேயே கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் வைத்துக்கொண்டார். கத்தவும் முடியாது, வகுப்பு நடக்கிறது. அங்கே நெட் சரியில்லையாம்.

நல்லவேளை, நானும் நீங்களும் அந்த இனம் இல்லை. இந்தக் கட்டுரைகூட இதைவிடப் பிரமாதமாக வந்திருக்க வேண்டியது, எழுதுகிற நேரத்தில் என் வீட்டார் கொஞ்சம் ஒத்துழைத்திருந்தால். அது போகட்டும். படிக்கும்போது உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும், அலுவலகத்தில் அடுத்த மேஜைக்காரர், அல்லது அண்ணன், அல்லது ஓரகத்தி. இதை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம் என்று நினைத்திருப்பீர்கள். தாராளமாகக் கொடுங்கள். ஒன்றை மட்டும் யோசித்துச் சொல்லுங்கள். இது உங்கள் கைக்கு எப்படி வந்தது? நீங்களாகத் தேடி எடுத்தீர்களா, இல்லை, 'இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்களேன்' என்று யாராவது கொடுத்தார்களா?