காதுக்குள் கூம்பு கொளுத்தும் ஞானத்தாய்

மருத்துவக் கல்லூரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காத மருத்துவர்கள் என்றோர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? பெரு நாட்டில் எங்கள் அரெக்கிப்பா ஊரில் தெருவுக்கு நாலு பேர். எங்கள் வீட்டுக்கு வாய்த்தவர் எடெல்மிரா அம்மாள், என் மகள் சுலெமாவின் ஞானத்தாய். எங்கள் ஊர் வழக்கப்படி பிள்ளையின் முதல் முடியைக் கத்தரித்த கை அது. அந்தக் கைக்குரியவர் ஒன்று சொன்னால் எங்கள் பக்கம் மறுபேச்சே கிடையாது.

சுலெமாவுக்கு மாதம் தவறாமல் காதில் சீழ். சீழ் நின்றால் காது கேட்காது. செவிப்பறைக்குப் பின்னால் பசை மாதிரி நீர் கட்டியிருக்கிறது, சின்னக் கீறல் போட்டு ஒரு குட்டிக் குழாய் வைக்கலாம் என்றார் டாக்டர். பள்ளியிலோ, "கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்குறதில்ல, அவ்ளோ திமிரு!" என்று டீச்சர் அவளைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார். அறுவைக்குத் தேதி கிடைத்ததுதான் தாமதம், எடெல்மிரா அம்மாள் வந்து நின்றார்.

"ஏண்டி நெலிதா, பச்சப்புள்ள காதுல கத்தி வைக்கிறதாவது! வெறுங்காலோட குளிர்ந்த தரையில நடந்தா காதுல காத்து ஏறத்தான் செய்யும்," என்றார் என் மனைவியிடம்.

அப்புறம் நடந்த பூசையைக் கேளுங்கள். செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கூர்முனையைக் காதில் செருகி, மறுமுனையில் நெருப்பு வைத்து, பாதி எரிந்ததும் அணைத்து, மிச்சத்தை எங்கள் மூக்குக்கு நேரே விரித்துக் காட்டினார். "பாத்தியா, எவ்ளோ அழுக்கு!"

காகிதத்தைக் கொளுத்தினால் கரி வராமல் கல்கண்டா வரும்? யார் கேட்பது! தேதி தள்ளிப்போனது. அடுத்த தேதிக்கு அருவதா மூலிகை இலை போட்டுக் காய்ச்சிய எண்ணெய். அதற்கடுத்த தேதிக்குக் கண்ணேறு என்று கண்டுபிடித்து, முட்டையால் உடம்பெல்லாம் தடவினார்.

ஒருநாள் சந்தை வாசலில் சுலெமா தெருவில் இறங்கிவிட்டாள். பின்னால் மினிபஸ் ஒன்று ஹாரனை அலறவிட்டபடி வந்தது. பிள்ளை திரும்பவே இல்லை. கூட வந்த எடெல்மிரா அம்மாள்தான் பாய்ந்து இழுத்தார். இழுத்தவர், பயத்தில் பிள்ளையைப் பிடித்து உலுக்கினார். "ஏய், காது செவிடா ஒனக்கு?"

நெலிதா மகளைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஆமாக்கா, செவிடுதான். அதத்தான் ஒரு வருஷமா ஒங்ககிட்டக் கத்திக்கிட்டிருக்கேன். அவ மட்டுமா செவிடு?"

அந்த வாரமே குழாய் வைத்தாயிற்று. மயக்கம் தெளிந்து வீடு வந்த பிள்ளை, "ஏம்ப்பா கத்துறீங்க?" என்றாள். நான் மெதுவாகத்தான் பேசினேன் ஐயா. அழுதேவிட்டேன்.

எடெல்மிரா அம்மாளா? "என் கூம்புதான் எல்லாத்தையும் இளக்கிவிட்டுச்சு, டாக்டரு சும்மா வழிச்செடுத்தாரு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

சிரிக்கிறீர்கள். ஆனால் நடுவில் எங்கேயோ, 'பூண்டைச் சுட்டு ரெண்டு சொட்டு விட்டிருந்தா...' என்று உங்களுக்கும் நாக்கு அரித்ததே, இல்லையா? சொல்லித்தான் தீருவேன் என்றால் வெளியே போய்ச் சொல்லுங்கள். பிள்ளைக்கு இப்போது நன்றாகக் காது கேட்கிறது.