பித்தளைத் தகட்டு வில்லியம் ஜோன்ஸ்

பிரின்-அவெல் பண்ணை,
ஹெர்மோன், வடக்கு வேல்ஸ்.
12 அக்டோபர் 2009

பெருமதிப்பிற்குரிய எலுனெட் அத்தை அவர்களுக்கு,

தம்பி மகள் நெஸ்ட்டா பணிவுடன் எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், நாய் மோட் நலம், மழையும் ஒரு குறைவுமின்றி நலமாகவே இருக்கிறது. டொரன்டோவில் தங்கள் முழங்காலும் மாமாவின் காதும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். தங்களுடைய எண்பத்து நான்காவது பிறந்தநாள் விருந்தில் நம் குடும்ப மரத்தை அச்சடித்து எல்லோருக்கும் கொடுக்கப் போவதாகவும், அதன் உச்சியில் தங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயரை ‘மூப்பர் வில்லியம் ஜோன்ஸ், பிரின்-அவெல்’ என்று தங்க எழுத்தில் போடச் சொல்லியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அத்தை, இந்த வரியைப் படித்ததும் அச்சகத்துக்குப் போன் செய்து வேலையை நிறுத்திவிடுங்கள். காரணத்தை அப்புறம் உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நின்றுகொண்டு படிக்க வேண்டாம்.

நம் ஹெர்மோன் சேப்பலை ஈஸ்டரோடு மூடிவிட்டார்கள் என்று முன்பே எழுதினேன். மிச்சமிருந்த பதினொரு பேரும் கூடி, உள்ளே இருக்கும் பொருள்களை யார் யாருக்குக் கொடுப்பது என்று பேசினோம். கடிகாரம் பள்ளிக்கூடத்துக்கு, ஆர்மோனியம் கேட்பவருக்கு, கேட்பவர் யாரும் இல்லை. கடைசியில் நின்றது, சபையை நடத்தும் மூப்பர்கள் வரிசையில் இருந்த அந்தப் பெரிய கைவைத்த நாற்காலி. முதுகில் பித்தளைத் தகடு: ‘வில்லியம் ஜோன்ஸ், பிரின்-அவெல், மூப்பர், 1861.’ அது அவருடைய வாரிசுகளுக்கே சேர வேண்டும் என்று போதகர் சொன்னதும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். உங்களுக்குத் தெரியும், அப்பா அந்தச் சேப்பலில் ஐம்பத்தொரு வருஷம் பின் வரிசையில் நின்று பேஸ் என்னும் கனத்த கீழ்க்குரலில் பாடியவர். மூப்பர் தேர்தலில் மூன்று தடவை பெயர் கொடுத்து, மூன்று தடவையும் வேறு யாரோ ஜெயித்தார்கள். அதைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அந்த நாற்காலியை அவர் பார்த்த பார்வையில் மூன்று தேர்தலும் இருந்தன.

அப்போது பார்த்து ஆற்றோரத்து டோல்வென் பண்ணை ஹெவின் மாமாவும் எழுந்து அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

“எங்க தாத்தா சாகறதுக்கு முன்னாடி சொன்னாருடா எம்ரிஸ், அந்த நாற்காலி நம்ம வீட்டோடதுன்னு.”

“உங்க தாத்தா எங்க ஏணியையும் அப்பிடித்தான் சொன்னாரு. இன்னும் திரும்பி வரல.”

“ஏணி வேற, இது வேற.”

“தகட்டுல என்ன போட்டிருக்கு? படி. கண்ணாடி வேணுமா?”

பேச்சு அங்கேயே நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தேநீர் கொதிகலனுக்குப் பின்னால் இருந்த அலமாரியில் சேப்பலின் பழைய நடவடிக்கைப் புத்தகம் இருந்தது. உங்கள் குடும்ப மரத்துக்காக நான்தான் அதை வெளியே எடுத்து, ஒரு பக்கத்தில் காகிதத் துண்டு வைத்திருந்தேன். அப்பா அந்தப் பக்கத்தைத் திறந்து, பாட்டுப் பாடும் அதே குரலில் வாசித்தார்: ‘1864 நவம்பர். டோல்வென் வில்லியம் ஜோன்ஸ், குளிர்காலச் சந்தையில் குடித்த நிலையில் காணப்பட்டார். மேசைமேல் ஏறிப் பாடினார். இறங்கச் சொன்னபோது இரண்டாம் பாட்டையும் பாடினார். சபையிலிருந்து நீக்கப்பட்டார்.’

“டோல்வென்! காதுல விழுந்துச்சா ஹெவின்? டோல்வென்! உங்க ஆளு மேசை மேல நின்னாரு. எங்க ஆளு நாற்காலில உக்காந்தாரு.”

ஹெவின் மாமாவின் காது சிவந்துவிட்டது. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பாதி தின்று வைத்த பாரா ப்ரித் பழரொட்டித் துண்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு அவர் மனைவி மெனா மாமி பின்னாலேயே போனார். “எம்ரிஸ், நீ பாடறத விட வாசிக்கறது நல்லாருக்கு,” என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனார். அது பாராட்டு இல்லை என்பது அப்பாவுக்கு வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது.

நாற்காலி வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்தது. மோட்டின் கூடை கதவோரத்துக்குப் போனது. மோட் இரண்டு நாள் எங்கள் யாரையும் முகம் கொடுத்துப் பார்க்கவில்லை. அப்பா தினமும் ராச்சாப்பாட்டுக்குப் பிறகு அதில் உட்கார்ந்து, கைகளை இரண்டு பக்கமும் வைத்து, கூட்டம் தொடங்கக் காத்திருப்பவர் மாதிரி இருப்பார். நான் பார்க்கும்போது மட்டும் செய்தித்தாளை எடுத்துக்கொள்வார்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். உங்கள் மரத்தைச் சரிபார்க்கக் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். மேசையிலிருந்த பெண், “எந்தக் குடும்பம்?” என்றாள். ஜோன்ஸ் என்றேன். அவள் முகத்தில் ஓர் அலுப்பு. வில்லியம் ஜோன்ஸ் என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். “பிரின்-அவெல்,” என்றேன். “அத மொதல்ல சொல்லக்கூடாதா?” என்று எழுந்து போனாள். நம் ஊரில் எப்போதும் அப்படித்தானே. தபால்காரர் முதல் போதகர் வரை எல்லோருக்கும் பண்ணைப் பெயர் சொன்னால்தான் ஆள் யாரென்று தெரியும். கார்டிஃபில் நான் குடித்தனம் செய்த பதினொரு வருஷத்தில் என்னை யாரும் நெஸ்ட்டா பிரின்-அவெல் என்று கூப்பிடவில்லை. அங்கே ஏதோ ஒன்று குறைகிறது என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அது கணவரின் குறை என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன், பாவம்.

உண்மையைச் சொன்னால், அதற்கு முன்பே மூன்று இடத்தில் காகிதமும் கல்லும் என் கையைப் பிடித்து இழுத்தன. 1861 கணக்கெடுப்பில் பிரின்-அவெல் வில்லியமுக்கு வயது நாற்பத்து நான்கு, மனைவி ஆன், ஒரு மகன், ஒரு மகள். 1871இல் பிரின்-அவெல் வில்லியமுக்கு நாற்பத்தேழு, மனைவி மார்கரெட், ஏழு ஆண்பிள்ளைகள். பத்து வருஷத்தில் மூன்றே வயது கூடியிருக்கிறது. ஏழு பிள்ளைகளில் மூத்தவனுக்குப் பத்தொன்பது வயது. மழையில் நனைந்த எழுத்தர் தப்பாக எழுதிவிட்டார் என்று வைத்துக்கொண்டேன். அடுத்தது, 1879இல் உங்கள் தாத்தா எல்லிஸுக்கும் பாட்டி மேரிக்கும் நடந்த திருமணப் பதிவு. மாப்பிள்ளையின் தகப்பன்: வில்லியம் ஜோன்ஸ், விவசாயி. பெண்ணின் தகப்பன்: வில்லியம் ஜோன்ஸ், விவசாயி. எழுத்தர் ஒரே வரியை இரண்டு தடவை எழுதிவிட்டார் என்று தள்ளிவிட்டேன். மூன்றாவது, பாட்டி மேரியின் கல்லறைக் கல்: ‘பிரின்-அவெலில் பிறந்து பிரின்-அவெலில் மறைந்தவர்.’ வாழவந்த வீட்டிலேயே ஒரு பெண் எப்படிப் பிறப்பாள்? கல் வெட்டியவர் ஓசைக்காகச் சேர்த்தது என்று முடிவு செய்தேன். படித்தவள் ஒருத்தி ஒன்றை நம்ப ஆசைப்பட்டால், செத்துப்போன எழுத்தர்கள் அத்தனை பேரையும் முட்டாளாக்கத் தயங்குவதில்லை.

காப்பகத்துப் பெண் கொண்டுவந்தது பழைய ஜமீனின் குத்தகைப் பதிவேடு. 1866, செப்டம்பர் மாதம், மைக்கேல் திருநாள். ‘பிரின்-அவெல் வில்லியம் ஜோன்ஸும் டோல்வென் வில்லியம் ஜோன்ஸும் தங்கள் விருப்பப்படி பண்ணைகளை மாற்றிக்கொண்டனர். முன்னவரின் மனைவிக்கு மேட்டுக் காற்று நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பின்னவருக்குப் பிள்ளைகள் அதிகம், மேய்ச்சல் நிலம் போதவில்லை.’ ஓரத்தில் இரண்டு அம்புக்குறிகள், ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு.

புரிகிறதா அத்தை? ஆள்கள்தான் இடம் மாறினார்கள். பெயர்கள் அந்தந்த வீட்டிலேயே நின்றுவிட்டன. 1861இல் நாற்காலியில் உட்கார்ந்த பிரின்-அவெல் மூப்பர் ஐந்து வருஷம் கழித்து ஆற்றோரத்துக்கு இறங்கி டோல்வென்காரர் ஆனார். அவர் ஹெவின் மாமாவின் ஆள். 1864இல் மேசைமேல் ஏறிப் பாடிய டோல்வென் வில்லியம் ஏழு பிள்ளைகளோடு மேட்டுக்கு ஏறி வந்து பிரின்-அவெல்காரர் ஆனார். அவர்தான் நம் ஆள். இரண்டாம் பாட்டையும் பாடியவர்.

அதைப் பதினொரு நாள் அப்பாவிடம் சொல்லவில்லை. தினமும் அவர் அந்த நாற்காலியில் உட்காரும்போது நான் பாத்திரம் கழுவுவேன். வீட்டில் இவ்வளவு சுத்தமான பாத்திரம் எப்போதும் இருந்ததில்லை. அவருடைய சந்தோஷத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். ஏழாம் நாள் போலத்தான் தெரிந்தது, நான் காப்பாற்றுவது என்னையே என்று. எல்லோர் முன்னாலும் அந்தப் பக்கத்தில் காகிதம் வைத்துக் கொடுத்தவள் நான்தானே. பன்னிரண்டாம் நாள், கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். மெதுவாக எழுந்து, நாற்காலியை ஒரு தடவை பார்த்துவிட்டு, பழைய மர ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். அடுத்த இரண்டு நாளும் சாப்பாடு அந்த ஸ்டூலில்தான். மூன்றாம் நாள் காலையில், கஞ்சி குடிக்கும்போது:

“என்ன குடிச்சாராம்?”

“எழுதலப்பா.”

“எவ்வளவு?”

“அதுவும் இல்லப்பா.”

“என்ன பாட்டுன்னாவது எழுதிருக்கா?”

“அதுவும் இல்ல. ஆனா அடுத்த பக்கம் ஒண்ணு இருக்கு.” நடவடிக்கைப் புத்தகத்தைக் கொண்டுவந்து வாசித்தேன். ‘1865 மார்ச். டோல்வென் வில்லியம் ஜோன்ஸ் மனம் வருந்தியதாகத் தோன்றுவதால் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அவர் இல்லாத இந்தக் குளிர்காலம் முழுவதும் பாட்டில் பேஸ் குரலுக்கு ஆளே இல்லை என்பதும் பேசப்பட்டது.’ கீழே கையெழுத்து: வில்லியம் ஜோன்ஸ், பிரின்-அவெல், மூப்பர்.

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். “திருப்பிப் படி,” என்றார். படித்தேன். “பேஸ் குரலுக்கு ஆளே இல்ல,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு எழுந்து கோட்டை மாட்டினார். “டிரெய்லர மாட்டு. நாற்காலி அவனோடது. மேசைதான் நம்மளோடது.”

ஆட்டு டிரெய்லரில் நாற்காலியை ஏற்றி, தார்ப்பாய் போட்டு, மழையில் இறங்கினோம். டோல்வென் வாசலில் ஹெவின் மாமா.

“என்னடா எம்ரிஸ், ஆடு விக்க வந்தியா?”

“நாற்காலி கொண்டாந்தேன். உன்னோடது. ரெண்டு வில்லியமும் அந்தக் காலத்துல பண்ணைய மாத்திக்கிட்டாங்களாம். மேசை மேல நின்னவரு எங்க ஆளு. நான் கத்துனதெல்லாம் எங்க வீட்டு மேலயே கத்துனது.”

“எங்க, அன்னிக்கிக் கத்துன மாதிரியே சத்தமாச் சொல்லு. மெனாவுக்குக் கேக்கல.”

அப்பா தொப்பியைக் கழற்றி, அதே சத்தத்தில் சொன்னார். மாட்டுக்கொட்டகையிலிருந்து இரண்டு பசுக்கள் எட்டிப் பார்த்தன. ஹெவின் மாமா சிரிக்கவில்லை. ஆனால் அவர் காது மறுபடி சிவந்தது. “உள்ள வா, நனையாத,” என்றார். மெனா மாமி மட்டும், “இத எங்கடா வெக்கிறது? அந்தப் பழைய பெட்டிய நகத்துனாத்தான் எடம்,” என்று தலையில் கைவைத்தார். நாங்கள் வீடு திரும்பும்போது அப்பா டிராக்டரில் பாடிக்கொண்டே வந்தார். மேடு ஏறும்வரை இரண்டு பாட்டு.

ஆகையால் அத்தை, தங்க எழுத்தை மாற்றச் சொல்லுங்கள். ‘மூப்பர்’ வேண்டாம். ‘வில்லியம் ஜோன்ஸ், முன்பு டோல்வென், பிறகு பிரின்-அவெல், பேஸ்’ என்று போட்டால் போதும். டொரன்டோ வேல்ஸ் சங்கத்துக்காரர்கள் யாராவது கேட்டால், சந்தையைச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னாலும் அப்பாவுக்கு இப்போது வருத்தமில்லை. எனக்கும் இல்லை. நாற்காலி இல்லாமல் அடுப்பங்கரை அகலமாக இருக்கிறது. மோட் தன் இடத்துக்கு வந்துவிட்டது.

தங்கள் முழங்கால் குளிர்காலத்துக்குள் படியேற வேண்டுமென்றும், மாமாவுக்குக் கேட்க வேண்டியது மட்டும் கேட்க வேண்டுமென்றும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்பு மருமகள்,
நெஸ்ட்டா பிரின்-அவெல்

பின்குறிப்பு (அக்டோபர் 15): பாலத்தில் வெள்ளம் வந்ததால் கடிதம் மூன்று நாள் மேசையிலேயே கிடந்தது. நல்லதாயிற்று. அச்சகத்துக்கு மறுபடி போன் செய்யுங்கள். எதையும் அழிக்க வேண்டாம். நாற்காலிக்கு இடம் பண்ண மெனா மாமி அந்தப் பெட்டியை நகர்த்தியபோது, உள்ளே டோல்வென் குடும்ப பைபிள் இருந்திருக்கிறது. முதல் பக்கத்தில் மூப்பர் தன் கையால் எழுதியது: ‘மகள் மேரி, பிறப்பு 1857, பிரின்-அவெல்.’ அடியில் வேறு மையில்: ‘1879இல் பிரின்-அவெல் எல்லிஸ் ஜோன்ஸை மணந்தாள்.’ அதாவது உங்கள் பாட்டி. இந்த வீட்டில் பிறந்து, ஒன்பது வயதில் வண்டியில் இறங்கிப்போய், இருபத்திரண்டில் மணப்பெண்ணாக ஏறி வந்திருக்கிறாள். ஜோன்ஸ் ஜோன்ஸைக் கட்டிக்கொண்டதால் பெயர் மாறவில்லை, நானும் பார்க்கவில்லை. திருமண எழுத்தரும் கல் வெட்டியவரும் கணக்கெடுத்தவரும் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். மூன்று பேரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆக, மூப்பரும் நம் ஆள், பாடகரும் நம் ஆள். இன்று காலை ஹெவின் மாமாவே நாற்காலியை டிரெய்லரில் கொண்டுவந்து இறக்கினார். குளிர்காலம் இங்கே, கோடை அங்கே; வருஷா வருஷம் மைக்கேல் திருநாளன்று இங்கே ஏற வேண்டும், வசந்தத்தில் அங்கே இறங்க வேண்டும் என்று பேச்சு. மோட்டின் கூடை மறுபடி கதவோரம். ஒன்றே ஒன்றுதான் தீரவில்லை. மூப்பரில் பாதி உனக்குக் கொடுத்தேனே, மேசைமேல் நின்றவரில் எனக்கும் கொஞ்சம் கொடுடா என்று ஹெவின் மாமா கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்பா, முடியவே முடியாது என்று சொல்லிவிட்டார்.