ஊதி வைத்த காரும் ஒரு ஜோடிக் காளையும்

அரசாங்கம் எதையும் யோசிக்காமல் செய்வதில்லை. யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, எந்தக் காருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கச் சேலத்தில் ஓர் அலுவலகம் வைத்தார்கள். அதிகாரிக்கு ஒரு நாற்காலியும் ஒரு மின்விசிறியும், உலகத்தில் உள்ள கார்கள் எல்லாம் ஒரு காலன் பெட்ரோலுக்கு எத்தனை மைல் ஓடும் என்று அச்சடித்த ஒரு தடிப் புத்தகமும் கொடுத்தார்கள். அந்த அதிகாரிக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெரிந்தவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் பாரபட்சம் வந்துவிடும் அல்லவா.

மோகனூர் நாச்சிமுத்துக் கவுண்டருக்கு அந்த அலுவலகத்தில் காரியம் இருந்தது. காவிரிக் கரையில் கரும்பும் வாழையும் போட்டு வசதியாக இருந்த மனிதர். பரமத்திப் பக்கத்தில் சிறு ஜமீன் வைத்திருந்த மிட்டாதார் ஒருவர் மோட்டார் வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்ட நாள் முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஏர்க்காட்டுத் தோட்டத் துரை ஒருவன் சீமைக்குக் கப்பல் ஏறுமுன் விற்ற சின்னக் காரை வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு பேர் உட்காரலாம், இருவரில் ஒருவர் நாச்சிமுத்துவாக இல்லாவிட்டால் தாராளமாகவே உட்காரலாம். அதன் மூக்கில் சூப்பர்சார்ஜர் என்று ஒரு சாமான் இருந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அது விசில் அடிக்கும். அந்த விசிலுக்காகவே ஊர் கூடும்.

இப்போது அவர் மகள் செல்லாயிக்குப் பங்குனியில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு நாமக்கல். சம்பந்தி அர்த்தநாரிக் கவுண்டர் சீர் கேட்கவில்லை, நகை கேட்கவில்லை, ஒன்றே ஒன்று கேட்டார். மாப்பிள்ளையை நாமக்கல்லிலிருந்து மோகனூர் வரைக்கும் பன்னிரண்டு மைலும் அந்தக் காரிலேயே அழைத்து வர வேண்டும். முடியாது என்றால் பரமத்தியில் மிட்டாதார் மகளும் கல்யாணத்துக்கு நிற்கிறாள் என்பதைச் சொல்லாமல் சொல்லிவிட்டுப் போனார். மகளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. நாச்சிமுத்துவுக்கு மிட்டாதாரைப் பிடிக்கவில்லை. ஆகையால் சம்பந்தம் கைநழுவக் கூடாது என்பதில் வீடு முழுவதும் ஒரே கருத்தாக இருந்தது.

போக வர இருபத்துநாலு மைல். தை மாதம் அவர் பெட்ரோலுக்குப் பதில் கரி எரித்து ஓடிய கரிப்புகை பஸ்ஸில் சேலம் போய், மூக்கெல்லாம் கரியோடு அதிகாரி முன் நின்றார். அதிகாரி தடிப் புத்தகத்தைப் புரட்டினார். இந்த ஜாதிக் காருக்குக் காலனுக்கு முப்பத்தாறு மைல் என்று போட்டிருந்தது.

"பதினெட்டுக்கு மேல குடுக்கறதில்லீங்க," என்றார் நாச்சிமுத்து. "நான் ஓட்டிப் பாத்தவனுங்க."

"ஓட்டிப் பார்ப்பது உங்கள் சொந்த விஷயம். இது புத்தகம்," என்றார் அதிகாரி. பிறகு மனுவில் இருந்த ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைச் சரி செய்தார். "சூப்பர்சார்ஜர் என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன?"

எஞ்சினுக்குள்ளே காற்றை ஊதி அனுப்பும் சாமான் என்று நாச்சிமுத்து பெருமையாக விளக்கினார். அந்தப் பெருமை கொஞ்சம் விலை உயர்ந்ததாகப் போயிற்று. அதிகாரி காகிதத்தில் கணக்குப் போட்டார். காற்று உள்ளே போகிறது, ஆகவே எஞ்சின் ஒரு பங்கு காற்றிலேயே ஓடுகிறது. காற்றுக்குப் பங்கீடு இல்லை. எனவே அந்தப் பங்குக்கு உரிய பெட்ரோலைக் கழித்துவிட வேண்டும். முப்பத்தாறை நாற்பத்தெட்டு ஆக்கி, இருபத்துநாலு மைலுக்கு அரைக் காலன் என்று உத்தரவு எழுதி முத்திரை குத்தினார்.

அரைக் காலனில் கார் ஒன்பது மைல் போகும். அதாவது மாப்பிள்ளை வீட்டுக்கு மூன்று மைல் முன்னாலேயே நின்றுவிடும். மாப்பிள்ளை காரில் வருவது கிடக்கட்டும், கார் மாப்பிள்ளையிடம் போய்ச் சேருவதே நடக்காத காரியம்.

நேராகச் சேலத்திலேயே மெக்கானிக் அற்புதராஜ் மேஸ்திரியிடம் போனார். நல்ல வேலைக்காரர், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதும் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும். விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரிதானுங்க அது. ஊதினா நெருப்பு நல்லா எரியும், எரிஞ்சா கரிதான் சீக்கிரம் தீரும். ஊதறதால கரி மிச்சம்னு எந்தக் கொல்லனாவது சொல்லுவானுங்களா?" என்றார். காலனுக்குப் பதினெட்டு மைல்தான் என்று கையெழுத்துப் போட்டும் கொடுத்தார்.

அதிகாரி அந்தத் தாளை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். காரைப் பற்றித் தெரிந்தவர் கொடுக்கும் சான்று அவர் தொழிலோடு சம்பந்தப்பட்டது, ஆகையால் ஏற்பதற்கில்லை என்றார். ஆனால் அவர் இரக்கமற்றவர் அல்ல. சர்க்காரே நேரில் வந்து, அதே சாலையில், அதே காரை ஓடவிட்டுப் பார்க்கும் 'மெய்ச்சாலைப் பரிசோதனை' என்று ஒரு விதி இருக்கிறது, மாசி மாதம் தாமே வருவதாகச் சொன்னார். நாச்சிமுத்து கும்பிட்டுவிட்டு வந்தார். தெய்வம் கண் திறந்துவிட்டது என்று வீட்டில் சொன்னார். அவர் மனைவி சௌந்திரம், எந்தக் கண்ணை என்று கேட்டாள். அவள் வாய் அப்படி.

மாசியில் அதிகாரி கோட்டோடும் தொப்பியோடும் மோகனூர் வந்து இறங்கினார். இளநீர் குடித்தார், பெட்ரோல் டேங்க்கைத் திறக்கச் சொன்னார். உள்ளே துடைத்து வைத்த பாத்திரம் போல இருந்தது.

"பரிசோதனைக்குப் பெட்ரோல் கொண்டாந்திருக்கீங்களா?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

அதிகாரி திகைத்தார். காலனுக்கு எத்தனை மைல் என்று தெரியாத காருக்கு எவ்வளவு பெட்ரோல் கொடுப்பது? தெரிந்துகொள்ளத்தானே பரிசோதனை. அந்த அரைக் காலனை ஊற்றலாமா என்றால், அது கல்யாணத் தலைப்பில் அனுமதிக்கப்பட்டது, பரிசோதனைத் தலைப்பில் செலவு செய்தால் இரண்டு பேருக்கும் ஜெயில். திரும்பிப் போகவும் வழியில்லை, ஏனென்றால் பரிசோதனை நடந்தால்தான் அவருக்குப் பயணப்படி கிடைக்கும். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து விதிப் புத்தகத்தை மூன்று முறை படித்தார். மூன்றாம் முறை அவர் முகம் தெளிந்தது.

"வாகனம் சாலையைக் கடக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. எதனால் கடக்க வேண்டும் என்று இல்லை. உங்களிடம் மாடு இருக்கிறதா?"

மாடு இருந்தது. மயிலைக் காளை ஒரு ஜோடி, அந்தத் தாலூக்காவிலேயே பேர் பெற்ற ஜோடி. பண்ணையாள் செல்லமுத்து நுகத்தைப் பூட்டி, காரின் முன் அச்சில் வடக்கயிறு கட்டினான். டேங்க் மூடிக்கு அதிகாரி அரக்கு முத்திரை வைத்தார். நாச்சிமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, அதிகாரி பக்கத்தில் நெருக்கி உட்கார, கார் நாமக்கல்லை நோக்கி அசைந்தது. நாச்சிமுத்துவுக்கு வெட்கம் தாங்கவில்லை. எதிரே வந்தவர்கள் கும்பிட்டபோதெல்லாம் குனிந்து பெடலைத் தேடுவதுபோலப் பாவனை செய்தார்.

ஐந்து மணி நேரத்தில் நாமக்கல் போய்ச் சேர்ந்தார்கள். மைல் காட்டும் கருவியில் பன்னிரண்டு ஏறியிருந்தது. அரக்கை உடைத்துக் குச்சி விட்டுப் பார்த்ததில், செலவான பெட்ரோல் ஒரு சொட்டும் இல்லை. அதிகாரிக்கு உண்மையிலேயே சந்தோஷம். புத்தகத்தில் உள்ள எந்தக் காரும் இவ்வளவு சிக்கனமாக ஓடியதில்லை என்று நாச்சிமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சேலத்தில் அதைக் கணக்குப் போடும்போது சிறு சங்கடம் ஏற்பட்டது. பன்னிரண்டைச் சைபரால் வகுக்கக் குமாஸ்தாவுக்கு வரவில்லை. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார்கள். பத்து நாளில் பதில் வந்தது: காலனுக்கு மைல், எல்லையற்றது. மேற்படி வாகனம் பெட்ரோல் இன்றியே இயங்கவல்லது என மெய்ச்சாலைப் பரிசோதனையில் ஐயந்திரிபற நிரூபணமானபடியால், முன்பு அனுமதித்த அரைக் காலன் ரத்து. கூடவே, இழுத்த காளைகளின் அடையாளங்கள் உட்பட எல்லாம் எழுதி, சிங்க முத்திரை போட்ட சான்றிதழ் ஒன்று, சட்டம் போட்டு மாட்டுவதற்கு.

அற்புதராஜ் அதைப் படித்துவிட்டு, எல்லையற்றவர் ஆண்டவர் ஒருத்தர்தான் என்று இதுவரைக்கும் நினைத்திருந்ததாகச் சொன்னார்.

நாச்சிமுத்து இடிந்துபோனார். அவர் சாதாரணமாக அழுகிற மனிதர் இல்லை, அன்றைக்கு வாழைத்தோப்புக்குள் போய் அழுதார். கல்யாணத்துக்கு மூன்று வாரம். செல்லாயி அப்பன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

பங்குனி பிறந்து ஒரு வாரத்தில் அதிகாரி தாமே ஆள் விட்டு அனுப்பினார். நாச்சிமுத்து போய் நின்றால், மேஜை மேல் இரண்டு காலனுக்குக் கூப்பன் இருந்தது. மார்ச் மாதம் முடியப்போகிறது, ஒதுக்கிய பெட்ரோலில் மிச்சம் நிற்கிறது, மிச்சம் காட்டினால் வருகிற வருஷம் குறைத்துவிடுவார்கள் என்று அதிகாரி குரலைத் தணித்துச் சொன்னார்.

"தேவைப்படுகிறவருக்குக் கொடுத்தால் ஏன் கூடுதலாகக் கொடுத்தாய் என்று தணிக்கையில் கேட்பான். உங்களுக்குத் தேவையே இல்லை என்று ருஜுவாகியிருக்கிறது. உங்களுக்குக் கொடுத்தால் என்ன கேட்க முடியும்?"

நாச்சிமுத்து அதைப் புரிந்துகொள்ள முயற்சி செய்யவில்லை. கூப்பனை மடியில் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று அதிகாரியை அழைத்துவிட்டு ஓடி வந்தார். முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலை, இரண்டு காலனையும் ஊற்றி, விசில் பறக்க ஒரே மூச்சில் நாமக்கல் போய்ச் சம்பந்தி வாசலில் நிறுத்தினார். வாழ்நாளில் அவ்வளவு நிமிர்ந்து அவர் எங்கேயும் இறங்கியதில்லை.

அர்த்தநாரிக் கவுண்டர் வெளியே வந்தார். காரைச் சுற்றிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"ஏனுங்க சம்பந்தி, மாடு எங்கீங்க?"

"மாடெதுக்குங்க? பெட்ரோல் வந்திருச்சுங்க. இனி தானாவே ஓடுமுங்க."

"தானா ஓடற காரு ஊருக்கு நாலு கெடக்குதுங்க. கரிப்பொகை பஸ்ஸுந்தான் தானா ஓடுது. சர்க்கார் முத்திரை வாங்குன மாட்டுக்காரு ஜில்லாவுக்கே ஒண்ணுதானுங்களே. அதுல மாப்பிள்ளை வாரான்னு பத்திரிகையிலயே அச்சடிச்சாச்சுங்க. மாடில்லாம வந்து நின்னா, பொண்ணூட்டுக்காரங்க ஒரு ஜோடி மாட்டுக்கு வக்கில்லாதவங்கன்னு நாளைக்கு நாலு பேரு பேச மாட்டாங்களா?"

நாச்சிமுத்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மாப்பிள்ளையும் உள்ளே இருந்தபடியே, மாடு இல்லாமல் ஏறுவது தனக்கு மரியாதை இல்லை என்று சொல்லி அனுப்பினான். பஸ்காரனிடம் சேதி சொல்லி விட்டார்கள். சாயங்காலம் செல்லமுத்து காளைகளோடும் சான்றிதழோடும் வந்து சேர்ந்தான். அந்த ஜோடிதானா என்று அர்த்தநாரி சான்றிதழை வைத்துச் சரிபார்த்துக்கொண்டார்.

பூட்டும்போது சம்பந்திக்கு இன்னொரு யோசனை வந்தது. ஊற்றின பெட்ரோல் சும்மா கிடப்பானேன், எஞ்சினும் ஓடட்டும், அந்த விசிலும் அடிக்கட்டும், மாடும் இழுக்கட்டும் என்றார். காளைகளின் காதில் பஞ்சை அடைத்தார்கள். கியர் போடாமல் ஆக்ஸிலேட்டரை மிதித்தபடியே நாச்சிமுத்து பன்னிரண்டு மைலும் வந்தார், பக்கத்தில் மாலையோடு மாப்பிள்ளை. மேளக்காரர்கள் வாசித்தது ஒருவர் காதிலும் விழவில்லை. மோகனூர் எல்லையில் இரண்டு காலனும் தீர்ந்தது. ஊரே திரண்டு நின்று பார்த்தது. இப்படி ஓர் அழைப்பைப் பரமத்தி மிட்டாதார் தலைகீழாக நின்றாலும் செய்ய முடியாது என்று நாலு பேர் சொன்னார்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் நாச்சிமுத்துவின் வெட்கமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. இதெல்லாம் ஆரம்பத்திலிருந்தே தம்முடைய யோசனைதான் என்று பந்தியில் இரண்டு பேரிடம் சொன்னார்.

மறுநாள் காலையில் செல்லாயி கழுத்தில் தாலி ஏறியது. அதிகாரி முன்வரிசையில் இருந்து அட்சதை போட்டார், பாயசம் இரண்டு முறை வாங்கினார், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போனார்.

அடுத்த முகூர்த்தத்துக்கு ஜில்லாவில் கார் வைத்திருந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் மாடு கட்டினார்கள். அற்புதராஜ் மேஸ்திரி சிரிப்பதை நிறுத்திவிட்டு, கார் மூக்கில் நுகத்தடி மாட்டும் கொக்கி செய்ய இரண்டு ஆளை வேலைக்கு வைத்தார். அதிகாரியும் சும்மா இருக்கவில்லை. ஓடுவதற்கு இனி யாருக்கும் பெட்ரோல் தேவையில்லை என்று அறிக்கை எழுதி, 'ஓசைக்கான பெட்ரோல்' என்று புதுத் தலைப்பு ஒன்றை ஏற்படுத்தினார். ஓசைக்குக் காலனுக்கு எவ்வளவு என்று எந்தப் புத்தகத்திலும் இல்லாததால், கேட்டவருக்கெல்லாம் கேட்டபடி கிடைத்தது. பெண்களைப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக் கேட்ட ஒருவரின் மனு மட்டும், அதில் ஓசை எதுவும் குறிப்பிடப்படவில்லை என்று திரும்பிவிட்டது.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். கொட்டகையில் இரண்டு காலன் ஓசைப் பெட்ரோல் இருந்தது. அதை ஊற்றி ஒரு மணி நேரத்தில் போய்ப் பிள்ளையைக் கூட்டி வாருங்கள் என்று சௌந்திரம் சொன்னாள்.

"அது சத்தத்துக்குக் குடுத்ததாச்சே. ஓட்டறதுக்கு எடுத்தா மொறையாகுமா?" என்று நாச்சிமுத்து கோபித்துக்கொண்டார். முறைப்படி காளையைப் பூட்டி, காதில் பஞ்சு வைத்து, விசில் அடித்துக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் ஜனங்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். எதிரே வந்த ஒரு கூண்டு வண்டிக்குள்ளிருந்து யாரோ கையை ஆட்டி ஆட்டி எதையோ கத்தினார்கள். தம் காரைப் பார்த்துத்தான் என்று அவரும் கையை ஆட்டினார்.

மத்தியானம் நாமக்கல் போய்ச் சேர்ந்தபோது அர்த்தநாரி வாசலில் நின்றார்.

"புள்ள வெடியாலயே கூண்டு வண்டியில அங்க பொறப்பட்டுட்டாளுங்களே. வழியில பாக்கலீங்களா?"

"சத்தத்துல ஒண்ணும் தெரியலீங்க," என்றார் நாச்சிமுத்து.

அர்த்தநாரி காரை ஒரு முறை சுற்றி வந்தார். "சத்தம் நல்லா வந்துச்சுங்களா?"

"நல்லா வந்துச்சுங்க."

அது போதும் என்று இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.