என் லாரி வீடும் சகலையின் எடையும்

பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துப் பொறாமைப்படுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அவன் வீடு மாறினால் பொறாமையும் தட்டுமுட்டுச் சாமான்களோடு வண்டி ஏறிவிடும். சகலையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவனுக்கு அந்த விமோசனம் கிடையாது. ஒரே மாமியார், ஒரே கரண்டி. விருந்துக்கு விருந்து இரண்டு மாப்பிள்ளைகளையும் அடுத்தடுத்த இலையில் உட்கார வைத்து அளந்துகொண்டே இருப்பார்கள். என் மாமியார் வஞ்சிர மீனின் நடுத்துண்டை அவனுக்கும் வால்துண்டை எனக்கும் போடுவார். (வால்துண்டில்தான் ருசி என்று சமாதானமும் சொல்வார். அப்படியானால் அதை அவனுக்கே போடுங்களேன் என்று சொல்ல எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.)

சகலையின் பெயர் சிங்காரவேலு. ராயபுரத்தில் மரவாடி வைத்திருந்தான். ஆள் தேக்கு மரத்தை நிறுத்தி வைத்தது போல இருப்பான். சிரித்தால் அவன் வயிறு தனியாகச் சிரிக்கும். நான் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். என் சட்டையைக் கொடியில் போட்டாலும் என் மேல் போட்டாலும் ஒரே மாதிரிதான் தொங்கும்.

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பட்டாளத்துக்காரர்கள் ஓட்டித் தேய்த்த லாரிகளைச் சர்க்கார் ஏலத்தில் விட்டுக்கொண்டிருந்தது. சிங்காரவேலு அதில் ஒன்றை எடுத்தான். பின்பக்கம் பலகை அடித்துக் கூரை போட்டான். படுக்க இரண்டு பலகை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு பானைத் தண்ணீர், அவ்வளவுதான். எங்கள் மாமனாரையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு பழனி, ராமேசுவரம், கன்னியாகுமரி என்று சுற்றிக் காட்டிவிட்டுக் கொண்டுவந்து சேர்த்தான்.

மாமனாருக்குக் காலடிப்பேட்டையில் மளிகைக்கடை. அதுவரை கொத்தவால் சாவடிக்குத் தெற்கே போகாத மனிதர். திரும்பி வந்த பிறகு பருப்பு வாங்க வந்தவர்களுக்கெல்லாம் யாத்திரை சொன்னார்.

“பட்த்துகினே பழனி மலைய பார்த்தேம்பா. பெரிய மாப்ள மரத்தடியில வண்டிய நிறுத்துவாரு. இவ அங்கியே சாம்பார் வெப்பா. ராஜா கெட்டாரு போ.”

நான் அந்தக் கடைக்கு எதிரே ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் பழனி மலை என் தலைமேல் ஏறி உட்கார்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மறுபடியும் பழனி மலை வந்தது. நடுத்துண்டு அவன் இலைக்குப் போனது. நான் வால்துண்டைப் பார்த்தபடியே சொல்லிவிட்டேன்.

“மாமா, நான் உங்களைக் காசிக்குக் கூட்டிப் போறேன். நானும் ஒரு லாரி வீடு கட்டப்போறேன்.”

மாமியாரின் கரண்டி அப்படியே நின்றது. என் மனைவி பங்கஜம் ரசப் பாத்திரத்தோடு என்னைப் பார்த்த பார்வை, பைத்தியம் தெளிவதற்கு எந்த ஊருக்குக் கூட்டிப் போவது என்று யோசிக்கிற பார்வை. சிங்காரவேலு மட்டும், “ஜோரா கட்டு சகல. பலகை வேணும்னா என் மரவாடியில வந்து எடுத்துக்க” என்றான். அவன் நல்லவனாக இருந்ததுதான் எனக்குப் பெரிய இடைஞ்சல். கெட்டவனாக இருந்திருந்தால் பொறாமையை வெறுப்பு என்று சொல்லிக்கொண்டு கௌரவமாக நடமாடியிருப்பேன்.

அவன் பலகை எனக்கு வேண்டாம் என்று துறைமுகத்தில் இயந்திரங்கள் வந்திறங்கிய பெட்டிப் பலகைகளை வாங்கினேன். ஏலத்தில் ஒரு லாரியும் எடுத்தேன். கட்டிக் கொடுக்கத் தண்டையார்பேட்டை காதர் பாயைப் பிடித்தேன். கைதேர்ந்த மெக்கானிக். ஆனால் அவரைப் பிடித்ததற்குக் காரணம் வேறு. சிங்காரவேலுவின் லாரியைக் கட்டியவர் காதர் பாயின் தம்பி. அண்ணனும் தம்பியும் எதிரெதிர் பட்டறை, பேச்சுவார்த்தை கிடையாது.

“அவன் கட்னதா?” என்றார் காதர் பாய். “அது வண்டியா நைனா, கோயி கூண்டு. நாம கட்டலாம் பாரு பங்களா.”

இரண்டு பொறாமைக்காரர்கள் சேர்ந்து ஒரு வண்டி கட்டினால் அதில் ‘போதும்’ என்று சொல்ல ஆள் இருக்காது. அவனுக்கு இரண்டு படுக்கை என்றால் எனக்கு நாலு. அவனுக்குப் பானை என்றால் எனக்குக் கூரைமேல் தகரத் தொட்டி, கீழே குழாய். அவனுக்கு அடுப்பு என்றால் எனக்குச் சமையலறை, அதில் அம்மியும் ஆட்டுக்கல்லும், அவை ஆடாமல் இருக்கப் போல்ட். இவ்வளவையும் வைக்க லாரி நீளம் போதவில்லை. பின்சக்கரத்துக்கு அப்பாலும் பலகையை நீட்டினோம். அப்புறம் காதர் பாய் தாடியைத் தடவியபடி, “கடாசில ஒரு பால்கனி வெச்சிட்டா இன்னா?” என்றார். பெரியவர்கள் உட்கார்ந்து ஊர் பார்த்துக்கொண்டு வர. நான் அவரைக் கட்டித் தழுவாத குறை. பால்கனிக்குக் கம்பிக் கிராதி போட்டு, பெஞ்சு அடித்து, பச்சை வர்ணம் பூசினோம்.

பங்கஜம் வந்து சுற்றிப் பார்த்தாள். “கிணறு ஒண்ணுதான் தோண்டல” என்றாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

காசிக்கு முன்னால் எண்ணூர் வரை ஒரு வெள்ளோட்டம் என்று ஏற்பாடு. மாமனார் கடை வாசலில் வண்டிக்குப் பூசை. தெருவே கூடியிருந்தது. சிங்காரவேலு தன் செலவில் ஆளுயர ரோஜா மாலை கொண்டுவந்து பானெட்டின் மேல் சாத்தினான். முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தேன், பக்கத்தில் காதர் பாய். மாமனார், மாமியார், பங்கஜம், சகலையின் மனைவி, ஊறுகாய் ஜாடிகள் எல்லாம் பின்படி வழியாக ஏறிப் பால்கனியில் அமர்ந்தார்கள்.

வண்டிக் கண்ணாடிக்கு முன்னால் இருந்த தெரு மெல்லக் கீழே இறங்கியது. மாடி தெரிந்தது. அப்புறம் வானம் தெரிந்தது.

“இன்னா நைனா,” என்றார் காதர் பாய் நிதானமாக, “வண்டி மூஞ்சிய தூக்கினுகீது.”

பால்கனி தரையைத் தொட்டுவிட்டது. கூரைத் தொட்டியின் தண்ணீர் முழுவதும் பின்பக்கமாக வழிந்து மாமனாருக்கு அபிஷேகம் ஆயிற்று. முன்சக்கரங்கள் அந்தரத்தில் இருந்தன. எலுமிச்சம்பழங்கள் இரண்டும் நசுங்காமல் தரையில் மஞ்சளாகச் சிரித்தன. தெருவும்தான். சிரிக்காத ஒரே ஆள் சிங்காரவேலு. அவன் வந்து பம்பரைப் பிடித்துத் தொங்கி, காலை ஊன்றிப் பானெட்டின் மேல் ஏறி உட்கார்ந்தான். லாரி யானை மண்டியிடுவது போலப் பணிவாக இறங்கியது. பழங்கள் நசுங்கின.

“நா இங்கியே குந்திக்கிறேன். நீ வண்டிய எடு சகல” என்றான்.

எல்லோரும் உள்ளே நகர்ந்து உட்காருங்கள் என்று கெஞ்சினேன். மாமனார் வேட்டியைப் பிழிந்துகொண்டே, “ஊரு பாக்கத்தான வந்தேன். நா எதுக்கு உள்ள போய் ஆட்டுக்கல்ல பாக்கணும்?” என்றார். ஆட்டுக்கல்லை இறக்கலாம் என்றால் போல்ட் அசையவில்லை. (“கெட்டியா முறுக்கிட்டேன் நைனா” என்றார் காதர் பாய் பெருமையாக.) நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பானெட்டின் மேல் தலையணை போட்டு, அதன் மேல் சிங்காரவேலு. மாலை வழியில் விழுந்துவிடும் என்று அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டான். அங்கேதான் என் விதி திரும்பியது. அது தேர்தல் சமயம்.

திருவொற்றியூர் தாண்டுமுன்பே ஜனங்கள் அவனைக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வெள்ளைச் சட்டை, ரோஜா மாலை, மலர்ந்த முகம், பின்னால் பச்சை வர்ண ரதம். தொழிற்சாலை வாசலில் என் கூட வேலை செய்கிறவர்களே அவனுக்குக் கைதட்டினார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் நான் தெரியவும் இல்லை. எனக்குமே சாலை தெரியவில்லை. “லெப்டு, ரைட்டு” என்று அவன் சொல்லச் சொல்ல ஓட்டினேன். அந்தக் கையசைவையும் ஜனங்கள் தங்களுக்கு என்று எடுத்துக்கொண்டார்கள்.

கடலோரக் குப்பத்துக்கருகே ஒரு அம்மாள் மீன்கூடையோடு குறுக்கே வந்து வண்டியை நிறுத்தினார்.

“ஓட்டு மட்டும் வந்து கேளுங்க. எங்க குப்பத்துக்கு ஒரு கொயா போட்டுக் குடுத்தியா நைனா? தண்ணிக்கு எம்மாந்தூரம் போறோம் தெரியுமா?”

“நா அந்த ஆளு இல்லம்மா” என்றான் சிங்காரவேலு. அவர் நகரவில்லை. இவன் யோசித்து, “ஆபீசுல போய் கேட்டுப் பாக்கறேம்மா” என்றான். அவர் ஒரு கூறு மீனை அவன் மடியில் வைத்துவிட்டுப் போனார். என் லாரி, என் பெட்ரோல், என் பால்கனி. மீன் அவன் மடியில். அதிலும் வஞ்சிரம்.

எண்ணூர்க் கடற்கரையில் சமைத்துச் சாப்பிட்டோம். திரும்பும் நேரத்தில் சிங்காரவேலுவிடம், “வெயில்ல வாடிட்ட. நீ ஓட்டு, நான் முன்னால உக்காந்துக்கறேன்” என்றேன்.

“வேணாம் சகல. நீ கொஞ்சம் லேசு” என்றான்.

அந்த ‘லேசு’ என்னைச் சுட்டது. மாலையை அவன் கழுத்திலிருந்து நானே கழற்றிப் போட்டுக்கொண்டு பானெட்டில் ஏறி அமர்ந்தேன். அவன் ஸ்டியரிங்குக்குப் போனான். நான் கை கூப்பவும் பழகிப் பார்த்தேன். பின்னால் மாமியார் ஏறினார். பங்கஜம் ஏறினாள். சகலையின் மனைவி ஏறினாள். மாமனார் கடைசியாக ஏறி உட்கார்ந்ததும் நான் உயர்ந்தேன். வாழ்க்கையில் அப்படி நான் உயர்ந்ததே இல்லை. எண்ணூர் முகத்துவாரம் முழுவதும் தெரிந்தது. முதுகு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள, ஆகாயத்தைப் பார்த்துக் கைகூப்பியபடி கிடந்தேன்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்: “யாருப்பா அது, கொக்கு கணக்கா குந்திகினு கீறது?”

“யாரும் எறங்காதீங்க,” என்று காதர் பாய் பின்பக்கம் பார்த்துக் கத்தினார். “எறங்கினா நைனா வுழுந்துருவாரு.”

என்ன சத்தம் என்று பார்க்க மாமனார் இறங்கினார்.

முன்சக்கரங்கள் மணலில் மோதிய வேகத்தில் அச்சு முறிந்தது. நான் மாலையோடு பறந்து அந்த மனிதரின் வலைக்குவியலில் போய் விழுந்தேன். வலையிலிருந்து என்னைப் பிரித்தெடுக்கக் குப்பமே வந்தது. அத்தனை பேரும் நிதானமாக, கண்ணி கிழியாமல் பிரித்தார்கள். அவர்கள் கவலை வலையைப் பற்றி, என்னைப் பற்றி அல்ல.

ரயிலில் திரும்பினோம். மீன் வாடையால் என்னைச் சுற்றி இடம் தாராளமாகக் கிடைத்தது. சிங்காரவேலு மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். என் சட்டையில் ஒட்டியிருந்த மீன் செதிலை எடுத்துப் போட்டான். பிறகு, “ஒண்ணு சொல்றேன் சகல. எனக்கு வயித்தெரிச்சலாத்தான் கீது. பால்கனி வெக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாத்தியா” என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தைக் காலடிப்பேட்டை வரை வாயில் போட்டு மென்றுகொண்டே வந்தேன். வீட்டில் பங்கஜத்திடம் சொன்னேன். “அத்தான் எல்லார்கிட்டயும் அப்படித்தான் நல்லதா நாலு வார்த்தை சொல்வாரு” என்றாள். பரவாயில்லை. நான் நம்பிவிட்டேன்.

காசி நடக்கவில்லை. லாரியை ஐஸ் ஏற்றுகிற ஒருவர் வாங்கிக்கொண்டார். பால்கனியைக் கழற்றி மாமனார் தன் கடை வாசலில் போட்டுக்கொண்டு, அதில் உட்கார்ந்து பழனி மலைக் கதையைத் தொடர்ந்தார். சிங்காரவேலு நிஜமாகவே ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி அந்தக் குப்பத்துக்குக் குழாய் வாங்கிக் கொடுத்தான். (அதற்கும் எனக்குப் பொறாமைதான்.)

எங்கள் குடும்பத்தில் இப்போது பொறாமை என்ற வார்த்தையே புழக்கத்தில் இல்லை. பேத்தி தன் அக்காவின் புதுப் பாவாடையை முறைத்தால், “ஏய், பானெட்ல ஏறாத” என்கிறார்கள். காரணம் தெரியாத மருமகள்கள்கூடச் சொல்கிறார்கள்.

போன வாரம் சிங்காரவேலுவின் மகன் புதுக் கார் வாங்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்தினான். நான் ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பங்கஜம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

“ஏறிட்டீங்களா?”

“ஒரு கால் வெச்சிருக்கேன்” என்றேன்.