கைப்பையில் ஒரு டைமிங் பெல்ட்

காரின் போனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு ஆண்கள் கதைக்கத் தொடங்கினால், அந்தக் காருக்கு நல்லது எதுவும் நடக்கப் போவதில்லை. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். ஆம், கோபத்தில்தான் சொல்கிறேன். இத்தனை வருடம் போயும் ஆறவில்லை.

அப்போது நாங்கள் கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடி வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவர் நேசன் தெரிந்த ஒருவரிடம் ஒரு பழைய கார் வாங்கினார். வாங்கிய அன்றே அதைப் பார்க்க வந்தவர் யோகண்ணை. நேசனின் அக்காவைக் கட்டியவர். இவருக்கு அத்தான், எனக்கு அண்ணை முறை. சென்ட் லோரன்டில் விமான உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. (பாகங்களைப் பெட்டியில் அடைக்கிற வேலைதான். ஆனால் அவர் கதைப்பதைக் கேட்டால், விமானங்கள் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் மேலே எழும்புகின்றன என்று தோன்றும்.)

போனட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது பெல்ட் எஞ்சின்" என்றார் யோகண்ணை.

"இல்லை அத்தான், செயின்" என்றார் நேசன்.

அன்று பிடித்தது சனியன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். (நானும் தெரியாமலே நிம்மதியாகச் செத்திருக்கலாம்.) எஞ்சினின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே தாளத்தில் ஓடவேண்டும். இரண்டையும் சேர்த்துச் சுற்றுவது டைமிங் பெல்ட், இல்லாவிட்டால் டைமிங் செயின். பெல்ட் என்பது பல்லு வைத்த ரப்பர் பட்டி. காலத்துக்குக் காலம் மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் அறும். எஞ்சினின் உள்ளே பாகங்கள் ஒன்றோடொன்று மோதி நாசமாகும். செயின் இரும்பு. எண்ணெயை ஒழுங்காக மாற்றினால் நெடுங்காலம் கிடக்கும். பழுதாகும்போதும் கடகடவென்று சத்தம் போட்டு அறிவித்துவிட்டுத்தான் பழுதாகும். எங்கள் மாடலில் முந்தி வந்த கார்களுக்குப் பெல்ட், பிந்தி வந்தவற்றுக்குச் செயின். எங்களுடையது நடுவிலே வந்து தொலைத்தது.

செயின் என்றால் ஒன்றையும் மாற்றத் தேவையில்லை. ஆகவே நேசனுக்கு அது செயின்.

எஞ்சினின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தது. அதைக் கழற்றினால் உள்ளே என்ன என்று தெரிந்துவிடும். கழற்றினார்களா? கழற்றிவிட்டால் பிறகு எதைக் கதைப்பது! பிறந்தநாள் விழா, சாமத்தியச் சடங்கு, செத்தவீடு, எங்கே போனாலும் இரண்டு பேரும் கார் நிறுத்துமிடத்தில்தான். நான் அந்த நாட்களில் சரியான மடைச்சி. எஞ்சின் பற்றிக் கதைக்கத் தெரிந்த புருஷன் கிடைத்தாரே என்று எனக்குப் பெருமை. கொட்டுகிற பனிக்குள் தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுத்து, "செயின்தானே அண்ணை?" என்று இவருக்கு ஒரு வாக்கும் போட்டுவிட்டு வருவேன்.

இப்படி இருக்கும்போது எனக்கு நேர்முகத் தேர்வு வந்தது. ஊரில் உயிரியல் படித்தவள் நான். இங்கே வந்தபின் உறைந்த கோழி அடைக்கிற தொழிற்சாலையில் விரல் விறைக்க நின்றேன். மொன்ட்ரியால் தீவின் மேற்கு நுனியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், விதைகளைச் சோதிக்கிற ஆய்வுகூடம் ஒன்றில் உதவியாளர் வேலை. படித்த படிப்புக்கு முதல்முதலாக வந்த அழைப்பு. 'நெருக்கடியிலும் நான் நிதானமாக இருப்பேன்' என்பதைப் பிரெஞ்சில் பாடமாக்கிக் குளியலறைக் கண்ணாடிக்குச் சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

"நான் ரயிலிலை போறன்" என்றேன் நேசனிடம்.

"வீட்டிலை கார் நிக்கேக்கை ரயிலோ? சனம் என்ன நினைக்கும்?"

(அந்த ரயிலில் எங்கள் சனம் ஒருவரும் போவதில்லை.)

காலையில் கீழே இறங்கினால், காரின் முன் சீட்டில் யோகண்ணை சப்பாத்துக் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறார்.

"தங்கச்சி, நான் சும்மா துணைக்கு வாறன். ஹைவேயிலை வேகமா ஓடேக்கை சத்தத்தைக் கேட்டால், பெல்ட்டோ செயினோ எண்டு உடனை சொல்லிப்போடுவன்."

அப்போதே இறங்கி ஓடியிருக்க வேண்டும். பின் சீட்டில் ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நெருக்கடியிலும் நிதானமாக இருப்பேன், நெருக்கடியிலும் நிதானமாக இருப்பேன் என்று முணுமுணுத்தபடி போனேன்.

பாதி வழி தாண்டியிருக்கும். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. கதைத்துக்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று வாயை மூடியதுபோல எஞ்சின் நின்றது. நேசன் உருட்டிக்கொண்டுபோய் நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்திச் சாவியைத் திருப்பினார். ஒன்றிலும் பிடிக்காமல் வெறுமையாகச் சுற்றியது.

யோகண்ணையின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவருடைய கலியாணப் படத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"பெல்ட்!" என்றார்.

"செயினும் அறும் அத்தான்."

"செயின் அறுந்தால் சத்தம் கேக்கும். ஏதும் கேட்டுதோ? தங்கச்சி, உமக்குக் கேட்டுதோ?"

"எனக்கு இன்டர்வியூ அண்ணை!"

"அது ஓம், அது ஓம். சத்தம் கேட்டுதோ எண்டு மட்டும் சொல்லும்."

இழுவை லொறிக்குத் தொலைபேசியில் அறிவித்தது நான். அவர்கள் போனட்டைத் திறந்துவிட்டார்கள். பக்கத்தால் பெரிய லொறிகள் போகப் போக பனி கரையத் தூவிய உப்புச் சேறு அள்ளி அடிக்கிறது. இவர்கள் கையை ஆட்டி ஆட்டி வாதாடுகிறார்கள். என் புது வெள்ளைச் சட்டையும் மை தீட்டிய கண்ணும் அந்தக் காற்றில் நிற்கின்றன. எனக்குள் ஏதோ ஒன்று எரிந்துகொண்டு மேலே வந்தது. இரண்டு பேரையும் தள்ளிவிட்டு, அந்தப் பிளாஸ்டிக் மூடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். குளிரில் விறைத்திருந்த பிளாஸ்டிக் படீரென்று வெடித்துக்கொண்டு வந்தது. உள்ளே கையை விட்டு இழுக்க, நைந்துபோன கறுப்புப் பட்டி நீளமாக வந்தது. பாதிப் பல்லுகள் இல்லை.

"சொன்னனோ இல்லையோ!" என்று யோகண்ணை துள்ளினார். "தாரும் தங்கச்சி, அதை அக்காவுக்குக் காட்டவேணும்!"

வெற்றிக் கோப்பை வாங்குகிறவர்போல இரண்டு கையையும் நீட்டினார். நான் கொடுக்கவில்லை. இந்த மனுசனுக்கு இந்த ஒரு சந்தோசமும் கிடைக்கக் கூடாது என்று பட்டியைச் சுருட்டி என் கைப்பைக்குள் திணித்தேன். வாழ்க்கையில் நான் செய்த அதிபுத்திசாலித்தனமான காரியம்.

இழுவை லொறி வந்து எங்கள் மூவரையும் காரையும் பக்கத்துக் கராஜில் இறக்கியது. அங்கிருந்து டாக்ஸி எடுத்தேன். நேசன் கூட ஏற வந்தார். கதவைச் சாத்தினேன்.

நன்றாகப் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. பக்கத்தில் நரைத்த தாடியோடு ஒருவர். இருவரும் என் நெற்றியைப் பார்த்தார்கள். ஏன் என்று விளங்கவில்லை. பாடமாக்கிய வசனத்தை ஒரு பிழையும் இல்லாமல் சொன்னேன். (வெளியே வந்தபின்தான் கண்ணாடியில் பார்த்தேன்: மூன்று விரல் அகலத்தில், திருநீறு பூசியதுபோல, கறுப்பாக எஞ்சின் அழுக்கு.)

பெண்மணி சான்றிதழ்களைக் கேட்டார். பைக்குள் கையை விட்டு இழுத்தேன். சான்றிதழோடு சேர்ந்து டைமிங் பெல்ட்டும் மேசையில் வந்து விழுந்தது.

கார் நின்ற கதையைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். பெண்மணி இரக்கமாகத் தலையாட்டினார். அவ்வளவில் முடிந்திருக்கும். ஆனால் தாடிக்காரர் பட்டியை இரண்டு விரலால் தூக்கினார். அவருடைய கண்கள் மலர்ந்தன. எனக்குத் தெரிந்த மலர்ச்சி.

"பெல்ட்!" என்றார் பிரெஞ்சில். "நீங்கள் செயின் உள்ள கார் வாங்கியிருக்க வேண்டும். என்னுடைய பழைய காரில்..."

அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் எழும்பி நின்றது தெரியும். மேசையில் அடித்தது தெரியும். என் பிரெஞ்சு முழுவதும் எங்கோ ஓடிவிட்டது.

"ஐயோ, நீயுமோடா! உங்கள் எல்லாருக்கும் வேறை கதையே இல்லையோ! மூடியைத் திறந்து பாருங்கோவன்! ஒருக்கால், ஒரேயொருக்கால், திறந்து பாருங்கோவன்!"

சுத்தத் தமிழில். அந்தக் கட்டடத்தில் அதற்குமுன் தமிழ் கேட்டிருக்குமோ தெரியாது. மேசையில் என் கை கறுப்பாகப் பதிந்திருந்தது. தாடிக்காரர் பட்டியை மெல்லக் கீழே வைத்தார். பெண்மணி ஒரு பெட்டி டிஷ்யூவை என் பக்கம் தள்ளி, கழிப்பறை எந்தப் பக்கம் என்று மிகுந்த மரியாதையோடு சொன்னார். நான் சான்றிதழ்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

வேலை கிடைக்கவில்லை. சென்ட் லோரன்டில் மருந்துக் கம்பனி ஒன்றின் ஆய்வுகூடத்தில் நான் வெள்ளை அங்கி போடுவதற்கு இன்னும் இரண்டு குளிர்காலம் கோழி அடைக்க வேண்டியிருந்தது. கார் கராஜிலிருந்து நேரே பழைய இரும்புக்குப் போனது.

வீட்டில் இந்தக் கதை இன்றைக்கும் நடக்கிறது. "தங்கச்சி இன்டர்வியூக்காரனுக்குப் பெல்ட்டாலை அடிச்சவ" என்று யோகண்ணை சொல்வார். நேசன் சொன்னால், நான் பதற்றத்தில் கார்ச் சாமான் ஒன்றைத் தவறிக் கொண்டுபோய்விட்டேன். இரண்டு பேருடைய கதையிலும் இரண்டு பேரும் காரில் இல்லை! பிள்ளைகளுக்கோ அது பெல்ட்டுக்கான பிரெஞ்சுச் சொல் ஒன்றுதான். நான் குரலை உயர்த்தினால் போதும், 'லா கூர்ருவா!' என்று கத்திவிட்டு ஓடுவார்கள். அம்மாவின் பெல்ட் அறுந்துவிட்டதாம்.

போன கிழமை யோகண்ணை வீட்டில் சாப்பாடு. நேசன் வடையைக் கடித்தபடி, "அத்தான், நான் யோசிச்சுப் பாத்தனான். அண்டைக்கு இவ இழுத்தது ஏசி பெல்ட்டாத்தான் இருக்கும். உள்ளுக்கை செயின்தான்" என்றார்.

"விசர்க் கதை கதையாதை! அதிலை பல்லு இருந்தது!"

"ஆர் கண்டது?"

இரண்டு பேரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள். "நீர்தானே கையிலை வைச்சிருந்தனீர்" என்றார் என் கணவர். "சொல்லும் பாப்பம், பல்லு இருந்ததோ?"

நான் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது. வடைத் தட்டோடு நான் எழும்பியபோது, பிள்ளைகள் ஏற்கெனவே படியால் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள்: "லா கூர்ருவா! லா கூர்ருவா!"